ஒரு மாசம் சைக்கிள் பண்ணணும்

கதவு திறந்துதான் இருக்கிறது, தள்ளிக்கொண்டு வாங்க தம்பி. சைக்கிளைப் பார்க்க வந்தவர்தானே? பையன் செல்போனில் படம் போட்டிருந்தான், அதைப் பார்த்து வந்திருப்பீங்க. சங்ககிரியா? நல்லது. சங்ககிரி ஆட்களுக்குத் தொடையில் பலம் அதிகம். உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஈரமாக இருக்கும். இதில் உட்காருங்க. இங்கேயிருந்து பார்த்தால் சைக்கிளும் தெரியும், தொட்டியும் தெரியும். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

என் பெயர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்புவார்கள். தபால்கார அர்த்தநாரி என்றால் நான் ஒருத்தன்தான். முப்பத்து நாலு வருஷம் இந்த வண்டியில் தபால் கொடுத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, ஒரு தடவை கூட்டப்பள்ளிக்கு ஒரு தந்தி கொண்டுபோனேன். ‘மாமனார் சீரியஸ், உடனே புறப்படு.’ நான் கொண்டுபோய்க் கொடுத்த வேகத்தில் மருமகன் கிளம்பி ஊர்போய்ச் சேர்ந்தால், மாமனாருக்கு இன்னும் தும்மல்கூட ஆரம்பிக்கவில்லை. வேண்டுமானால் விசாரித்துப் பாருங்க. அந்த மாமனார் இப்போது இல்லை, ஆனாலும் விசாரித்துப் பாருங்க.

அந்த வண்டியைத்தான் விற்கிறார்கள். வண்டி போய்விட்டால் நான் வீட்டுக்குள் உட்கார வேண்டியதுதான். எழுபத்தொரு வயசு வரைக்கும் நான் உட்கார்ந்ததெல்லாம் சீட்டில்தான் தம்பி, நாற்காலியில் உட்காரப் பழக்கமே இல்லை.

காரணம் என்ன என்கிறீங்களா? போன ஐப்பசியில் நான் வேலூர் ரோட்டில் விழுந்துவிட்டேனாம். நான் எங்கே விழுந்தேன்? புதுசாக ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். அது மேலே வந்தது, நான் மரியாதை கொடுத்து இறங்கினேன். இறங்குகிற இடத்தில் என் முழங்கால் இருந்தது. இவ்வளவுதான் நடந்தது. அதற்குப் போய் என் பையன் செங்கோட்டுவேல் வண்டிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டான். அவனுக்கு ரிக் வண்டி, ஒடிசா வரைக்கும் போய் போர் போடுகிறான். ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீர் இருக்கிறதா என்று சொல்லிவிடுவான். அப்பன் மூஞ்சியைப் பார்த்து ஒன்றும் சொல்லத் தெரியாது.

பூட்டிவிட்டு அவன் ஒடிசா போனான். மருமகள் சுகந்தி இருக்கிறாளே, அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறவள், நல்ல பெண், அவள் இந்தக் கண்ணாடித் தொட்டியை வாங்கி வந்து வைத்தாள்.

“மாமா, இதுல செவப்பு இறால் விட்டுக் குடுக்கறேனுங்க. அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருங்க. பிரஷர் எறங்கும்.”

“இறாலா? நம்ம ஊட்டுல கவுச்சியே ஆக்கறதில்லையே அம்மிணி?”

“திங்கறதுக்கு இல்லீங் மாமா, பாக்கறதுக்கு.”

பார்க்கிறதுக்கு இறால். சரி என்றேன். இறாலை வாங்கப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரியாஸ் என்கிறவனுடைய மீன் கடைக்கு நடந்தே போனேன். அங்கேதான் தம்பி விஷயம் ஆரம்பிக்கிறது. அவன் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் சொல்கிறேன். தபால்காரன் இன்னொருத்தர் வார்த்தையில் கை வைக்க மாட்டான்.

“தொட்டி புதுசுங்களா ஐயா? அப்ப இப்ப இறால் விடக்கூடாது. மொதல்ல ஒரு மாசம் சைக்கிள் பண்ணணும்.”

“என்ன பண்ணணும்?”

“சைக்கிளுங்க. சைக்கிள் பண்ணாத தொட்டியில இறால விட்டா மறுநாளே செத்து மெதக்கும்.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இருந்தாலும் தபால்காரன் அல்லவா, விலாசம் சரியா என்று நாலு தடவை கேட்டுக்கொள்வேன்.

“தினமும் பண்ணணுமா?”

“ஒருநாள்கூட எடையில விடக்கூடாதுங்க. விட்டா மறுபடியும் மொதல்லருந்து.”

“வேகமாவா, மெதுவாவா?”

“மெதுவாத்தானுங்க ஆகும். அவசரப்பட்டா எல்லாம் கெட்டுரும்.”

“எனக்கு எழுபத்தொண்ணு ஆச்சு. நானே பண்ணலாமா?”

“இதுக்கு வயசு எதுக்குங்கய்யா? பொறுமை இருந்தாப் போதும்.”

“முடிஞ்சதுன்னு எப்படித் தெரியும்?”

அவன் ஒரு சின்ன மருந்துக் குப்பியும் கண்ணாடிக் குழாயும் கொடுத்தான். “தொட்டித் தண்ணியில இத விட்டுப் பாருங்க. பச்சையா வந்தா அம்மோனியா இருக்குது, விஷமுங்க, இன்னும் சைக்கிள் பண்ணணும். மஞ்சளா வந்தா முடிஞ்சுது, இறால் வாங்க வாங்க.”

இதில் ஏதாவது சந்தேகம் இருக்கிறதா தம்பி? நீங்களே சொல்லுங்க. இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் எப்படிச் சொல்ல முடியும்?

சாயங்காலம் சுகந்தியிடம் சொன்னேன். “அம்மிணி, தொட்டியச் சைக்கிள் பண்ணணுமாமா.” அவள் இட்லிக்கு மாவு வழித்துக்கொண்டே, “ஆமாங் மாமா, நானும் படிச்சேன். கண்டிப்பாப் பண்ணணும்” என்றாள். “அப்ப சாவி?” என்றேன். “டிவிக்குப் பின்னாடி கெடக்குது, எடுத்துக்கங்க” என்றாள். தொட்டி வைத்த மேசைக்கு ஒரு இழுப்பறை உண்டு, அதன் சாவியைக் கேட்டேன் என்று நினைத்தாளாம். பின்னால் அப்படித்தான் சொன்னாள். டிவிக்குப் பின்னால் சாவி இரண்டு கிடந்தது. நான் என்னுடையதை எடுத்துக்கொண்டேன். இதில் தப்பு எங்கே இருக்கிறது?

மறுநாள் காலை அவள் டியூட்டிக்குக் கிளம்பியதும் தொட்டியைக் கேரியரில் ஏற்றினேன். முக்கால் தொட்டித் தண்ணீர், அடியில் கூழாங்கல், ரியாஸ் கொடுத்த ஒரு பாசிச் செடி. பழைய சைக்கிள் ட்யூபால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, மேலே கொசுவலைத் துணி போட்டேன். கோயில் மலையைச் சுற்றி ஒரு வட்டம். முதல் மிதியிலேயே தண்ணீர் ‘சளக்’ என்று என் முதுகில் அடித்தது. அப்படியே குளிர்ந்து போனேன். அன்றைக்கு என் பிரஷரைப் பார்த்திருந்தால் கருவி வெட்கப்பட்டிருக்கும்.

ஒரு வட்டம் முடிந்து வந்தால் தொட்டியில் பாதித் தண்ணீர்தான் இருக்கும். வழியெல்லாம் சிந்திவிடும் அல்லவா? போர் குழாயில் இரண்டு குடம் பிடித்து ஊற்றி, மறுநாளைக்குத் தயாராக வைப்பேன். நம்ம ஊர் தண்ணீரில் சுண்ணாம்பு ஜாஸ்தி. மனுஷனுக்குக் கிட்னியில் கல்லு வரும், நத்தைக்கு ஓடு கெட்டியாகும். ஆளுக்கொன்று.

நத்தை எங்கேயிருந்து வந்தது என்கிறீங்களா? அந்தப் பாசிச் செடியில் டிக்கெட் வாங்காமல் ஒன்று ஏறி வந்திருக்கிறது. மிளகு அளவு. நான் பார்த்தபோது மூன்றாம் நாள். பாவம், தினமும் நம்மோடு பிரயாணம் செய்கிறதே என்று கொள்ளு வேகவைத்து இரண்டு போட்டேன். சைக்கிளில் போகிறவர்களுக்குத் தெம்பு வேண்டாமா? பத்தாம் நாள் நாற்பது நத்தை. இருபதாம் நாள் எண்ணினேன், நூற்று முப்பத்தெட்டு. கொள்ளும் ஒரு கைப்பிடிக்கு வந்துவிட்டது.

நத்தை மெதுவாகப் போகும் என்று எவனோ சொல்லி வைத்திருக்கிறான். என் நத்தைகளைப் பார்க்கவில்லை அவன். வண்டி கிளம்பினதும் எல்லாம் முன்பக்கக் கண்ணாடிக்கு வந்து ஒட்டிக்கொள்ளும், டவுன் பஸ் படிக்கட்டு மாதிரி. இடது பக்கம் திரும்பினால் எல்லாம் இடது பக்கம் சாயும். பெல் அடித்தால் கொம்பை உள்ளே இழுக்கும். ஒருநாள் இறக்கத்தில் ஒரு மினி பஸ்ஸை முந்தினோம். அன்றைக்கு நூற்று முப்பத்தெட்டும் கொம்பைத் தூக்கிக்கொண்டு அந்த டிரைவரைத் திரும்பிப் பார்த்தன. அந்த ஆள் மறுவாரமே டிரைவர் வேலையை விட்டுவிட்டு மாவு மில் வைத்துவிட்டார். விசாரித்துப் பாருங்க.

இதற்கிடையில் மலை சுற்றுகிற பொம்பளைகள், இந்தப் பெரியவர் தினமும் தீர்த்தம் சுமந்து வலம் வருகிறார் என்று நினைத்துவிட்டார்கள். நான் சிந்திக்கொண்டு போகிற தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொள்வார்கள். “சாமி, என்ன வேண்டுதலுங்க?” என்று ஒரு அம்மா கேட்டது. “இறால் விடறதுக்கும்மா” என்றேன். அது என்ன காதில் வாங்கியதோ, கன்னத்தில் போட்டுக்கொண்டது. மறுநாள் தொட்டிக்குள் துளசி போட்டது. அதற்கு மறுநாள் அரை டம்ளர் பால்! அன்றைக்குச் சோதித்தால் தண்ணீர் வேப்பிலைப் பச்சை.

பயந்துபோய் ஒரு குப்பியில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு சுகந்தியின் லேபுக்கே போனேன். வரிசையில் வெறும் வயிற்றோடு முப்பது பேர். சீட்டு எழுதுகிற பெண் பெயர் கேட்டாள், ‘தொட்டி’ என்றேன். வயசு கேட்டாள், ‘இருபத்திரண்டு நாள்’ என்றேன். குழந்தை என்று எழுதிக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல், “தொட்டி! தொட்டி யாருங்க? தொட்டியோட அம்மா வந்திருக்காங்களா?” சுகந்தி எட்டிப் பார்த்தாள். நான் கையைத் தூக்கினேன்.

“மாமா! இது மனுசங்களுக்கான லேபுங்க!”

“எனக்கும் தெரியும் அம்மிணி. சக்கரை, உப்பெல்லாம் வேண்டாம். அம்மோனியா மட்டும் பாரு.”

அவள் என்னைத் தனியாகக் கூட்டிப்போய், “நத்தை இவ்வளவு பெருகுதுன்னா தீனி ஜாஸ்தின்னு அர்த்தம். கொள்ளு போடாதீங்க மாமா, அழுகித் தண்ணி கெடும்” என்றாள். நான் எப்படி அந்தத் தொட்டியைச் சைக்கிள் பண்ணுகிறேன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டியூட்டி நேரத்தில் எதற்குத் தொந்தரவு? கொள்ளைக் குறைத்தேன், பால்காரம்மாவைக் கண்டால் வேகமாக மிதித்தேன்.

முப்பத்தொன்றாம் நாள் சோதித்தேன் தம்பி. மஞ்சள்! மஞ்சள் என்றால் கல்யாண மஞ்சள். ஓடிப்போய் ரியாஸிடம் முப்பது இறால் வாங்கி வந்தேன். நகத்தளவு இருக்கும் ஒவ்வொன்றும், குங்குமத்தில் முக்கி எடுத்த மாதிரி. அவையும் மறுநாளிலிருந்து வலம் வந்தன. ஒன்றுகூட மிதக்கவில்லை.

ஒரு தடவை மட்டும் பதறிப்போனேன். ஒரு காலை பார்த்தால் அடியில் முப்பது பேரும் வெளிறிப்போய்க் கால் கையை மடக்கிக்கொண்டு கிடக்கிறார்கள். வாய்விட்டே அழுதுவிட்டேன். கரண்டியால் எடுத்து, வெற்றிலையில் வைத்து, செம்பருத்திச் செடிக்கடியில் அடக்கம் பண்ணி, தலைமுழுகிவிட்டு வந்து பார்க்கிறேன், முப்பது பேரும் சிவப்பாக நீந்திக்கொண்டிருக்கிறார்கள். செத்ததும் முப்பது, இருப்பதும் முப்பது! சுகந்திதான் சொன்னாள், இறால் வளரும்போது தோலைக் கழற்றிப் போட்டுவிடுமாம். அதாவது சட்டை மாற்றியிருக்கிறார்கள். எங்கள் டிபார்ட்மெண்டில் வருஷத்துக்கு இரண்டு காக்கிச் சட்டை கொடுப்பார்கள், அந்த மாதிரி.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டு மாசம் முடிகிற சமயம் பையன் ஒடிசாவிலிருந்து ரிக் வண்டியோடு திரும்பினான். எந்த வழியாக? மலை சுற்றும் ரோடு வழியாக. எதிரில் நான். முன்னால் நான், பின்னால் தொட்டி, அதற்குப் பின்னால் ஏழெட்டுப் பொம்பளைகள். லாரியை நடுரோட்டில் நிறுத்திவிட்டுக் குதித்தான்.

“அப்பா! என்னப்பா பண்றீங்க?”

“தெரியலையா? சைக்கிள் பண்றேன்டா!”

வீட்டில் பஞ்சாயத்து. ரியாஸைக் கூப்பிட்டு வந்தார்கள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“ஐயா, சைக்கிள்னா அந்தச் சைக்கிள் இல்லீங்க. தண்ணிக்குள்ள நல்ல கிருமி வளரணும். அது அழுக்கத் தின்னு சுத்தம் பண்ணும். அதுக்கு ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் தொட்டி ஒரே எடத்துல சும்மா இருக்கணும். அதுக்குப் பேருதானுங்க சைக்கிள்.”

“சும்மா இருக்கறதுக்கு எவனாவது சைக்கிள்னு பேரு வெப்பானாடா?” என்று கேட்டேன். ரியாஸ் என் பையனைப் பார்த்தான். பையன் முறைத்த முறைப்பில் பேச்சை மாற்றுகிறான் என்று எனக்குத் தெரியாதா? “அப்ப என் இறாலு எப்படிடா பொழைச்சுது?” என்றேன். “அதுதானுங்க எனக்கும் புரியல” என்றான். பார்த்தீங்களா, அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டான்.

சுகந்திதான் குறுக்கே வந்தாள். “எனக்குப் புரியுதுங் மாமா. தினமும் பாதித் தண்ணி ரோட்டுல சிந்தீருது. நீங்க வந்து புதுத் தண்ணி ஊத்தறீங்க. அழுக்கு வெளிய போயிருது, அதனால பொழைச்சுது. வாரம் ஒரு குடம் எடுத்துட்டு ஒரு குடம் ஊத்தினாப் போதும். சைக்கிளே வேண்டாமுங்க.”

நல்ல பெண்தான். ஆனால் லேபிலேயே இருந்து இருந்து எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறாள். சிந்தின தண்ணீரால் பிழைத்ததாம்! அப்படியென்றால் மலை எதற்கு, காற்று எதற்கு, நான் எதற்கு?

மறுபடியும் சங்கிலி. மறுபடியும் பூட்டு. சாவி இந்தத் தடவை பையன் இடுப்பில். தொட்டியை மூலையில் வைத்து, ‘வாரம் ஒரு குடம்’ என்று சுகந்தி காலண்டரில் எழுதி ஒட்டினாள். நான் மாற்றவில்லை. சும்மா இருந்தால் சைக்கிள் என்றானே ரியாஸ், பார்த்துவிடலாம் என்று நானும் சும்மா இருந்தேன். ஆனால் இறால்கள் மனசு உடைந்துபோகக் கூடாதே என்று கொள்ளு மட்டும் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். என்ன ஆச்சு? பத்தே நாளில் தண்ணீர் கலங்கிவிட்டது. நத்தை எல்லாம் தண்ணீருக்கு மேலே ஏறி விளிம்பில் வரிசையாக உட்கார்ந்துகொண்டது, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி. முப்பது இறால் பதினொன்று ஆகிவிட்டது. இந்தத் தடவை அடக்கம் பண்ணிவிட்டு வந்து எண்ணினேன், நாலு தடவை எண்ணினேன். பதினொன்றுதான். இது சட்டை இல்லை தம்பி.

அதைப் பையனிடம் சொன்னதற்குத்தான், “இந்த வண்டி இருக்கிற வரைக்கும் நீங்க அடங்க மாட்டீங்கப்பா” என்று சொல்லிவிட்டு, படம் எடுத்துப் போட்டான். ‘பார்க்க வருகிறவர்களுக்கு அப்பா காட்டுவார்’ என்று என் விலாசம். பூட்டையும் திறந்து விட்டுவிட்டு சேலம் போயிருக்கிறான். வாங்குகிறவர் ஓட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? என்னிடம் மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டான், நான் பெடலில் கால் வைக்கக் கூடாது என்று. வைக்கவில்லை. தபால்காரன் சத்தியத்தை மீறமாட்டான்.

எழுந்துவிட்டீங்களா? ஆமாம், ஓட்டிப் பார்க்காமல் எப்படி வாங்குவது? தாராளமாகப் பாருங்க. ஒரே ஒரு வட்டம், மலையைச் சுற்றி. கேரியர் பலமாக இருக்கிறதா என்று தெரிய வேண்டாமா? அந்தத் தொட்டியை ஒரு கை பிடிங்க. மெதுவாக, மெதுவாக. ட்யூபை இறுக்குங்க. அவ்வளவுதான். நான் பெடலைத் தொட மாட்டேன், முன்னால் நடுக்கம்பியில் உட்கார்ந்துகொள்கிறேன். டபுள்ஸ் தாங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும் அல்லவா? ம், மிதிங்க. பெல் நான் அடிக்கிறேன்.

சளக்! முதுகு நனைந்துவிட்டதா? பிரஷருக்கு நல்லது. திரும்பிப் பார்க்காதீங்க, நத்தைகள் எல்லாம் முன்கண்ணாடிக்கு வந்திருக்கும், எனக்குப் பார்க்காமலே தெரியும். அந்தம்மாவுக்குத் தலையாட்டுங்க. பால் சொம்பு வைத்திருந்தால் மட்டும் வேகமாக.

இந்த ஏற்றம்தான் கொஞ்சம்... என்ன தம்பி, மூச்சு இப்படி வாங்குகிறதே? காதில் புயல் அடிக்கிற மாதிரி இருக்கிறது. வண்டி கனமாக இருக்கிறதா? ஆமாம் தம்பி, கனம்தான். நான் மறைக்க மாட்டேன். இதை வாங்கி சங்ககிரி வரைக்கும் மிதிக்க முடியுமா என்று நீங்களே யோசித்துப் பாருங்க. வேண்டாமா? பாதகமில்லை, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பையனுக்குப் போன் பண்ணி உள்ளதைச் சொல்லிவிடுங்க, வண்டி அசையவே மாட்டேன் என்கிறது என்று. உங்களுக்கு முன்னால் வந்த நாலு பேரும் அப்படித்தான் சொன்னார்கள்.

அந்த நாலு வட்டத்துக்கே தண்ணீர் பச்சையிலிருந்து பாதி மஞ்சளுக்கு வந்துவிட்டது தம்பி. வீட்டுக்குப் போனதும் இரண்டு குடம் பிடித்து ஊற்றிவிட்டு நீங்கள் கிளம்பலாம். நாளைக்கு எடப்பாடியிலிருந்து ஒருத்தர் வருகிறார். காலை ஆறு மணிக்கே வரச்சொல்லியிருக்கிறேன். வெயில் ஏறினால் இறாலுக்கு ஆகாது.